சின்னவளின் வாயில் விட்ட மருந்து

பலெர்மோவில் எங்கள் ஆட்களில் யாருக்கு டொக்டரிடம் போக வேண்டி வந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் அடிக்கும். சிஞ்ஞோராக்கள் என்கிற இந்த ஊர்ச் சீமாட்டிகளின் வீடுகளில் காலம் காலமாய் நிலம் துடைத்துப் பழகிய இத்தாலியன் என்னுடையது. இலக்கணம் கிலக்கணம் ஒன்றும் கிடையாது, ஆனால் வாய் நிற்காது. பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறேன், பல்லுப் பிடுங்கப் போயிருக்கிறேன், ஒரு பெரியவரின் மூலவியாதிக்கும் போயிருக்கிறேன். அந்த மனுஷன் இன்றைக்கும் மாதா கோயிலில் என்னைக் கண்டால் தூண் பக்கமாய் ஒதுங்கிவிடுவார்.

டொக்டர் கேட்பார், நான் பதில் சொல்வேன். கூட வந்தவரிடம் திருப்பிக் கேட்பது வீண் வேலை என்பது என் எண்ணம். எங்கள் சனத்திடம் எப்போதிருந்து இருமல் என்று கேட்டுப் பாருங்கள், போன திருநாளுக்கு யார் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதில் தொடங்குவார்கள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்ப்பார். எனக்கும் வேலைக்கு நேரமாகும். அதனால் பாதிக் கேள்விக்கு நானே பதிலைச் சொல்லி முடித்துவிடுவேன். யாருக்குச் சீனி வருத்தம், யாருக்கு பிரஷர், எல்லாம் எனக்குத் தெரியும்தானே. அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

தம்பியின் மனைவி மன்னாரிலிருந்து கலியாணம் கட்டி இங்கே வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. முறைக்கு நான் அவளுக்கு மச்சாள். அவளோ வந்த நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டாள், எனக்கும் அது பிடித்திருந்தது. தம்பி ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் ரெஸ்ரோரண்டில் குசினி வேலை செய்கிறான். வீடு பல்லரோச் சந்தைக்குப் பின்பக்கம், நான் வேலைக்குப் போகிற வழியில். ஆகவே போகிற போக்கில் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். எட்டிப் பார்ப்பது என்று சொல்கிறேன், உண்மையில் அது மேற்பார்வை.

நல்ல பிள்ளை. பணிவு, பக்தி, சமையல், எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெள்ளன எழும்ப மாட்டாள். காலையில் நான் போகிற நேரம் கட்டிலில் குந்தியிருப்பாள், கை இரண்டையும் மடியில் வைத்தபடி. கதவைத் திறப்பது தம்பி, தேத்தண்ணி ஊற்றுவதும் தம்பி. தேங்காய் துருவச் சொன்னால் கடையில் வாங்கிய காய்ந்த தேங்காய்ப்பூவை எடுத்து வைப்பாள். போத்தல் மூடி திறக்கவும் புருஷன்தான் வரவேண்டும். கண்டறியாத செல்லம் என்று ஒருநாள் தம்பியிடம் புறுபுறுத்தேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். மனிசிக்குப் பயந்தவன் பார்க்கிற பார்வை என்று அதை நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவனுக்கு லீவு. சில திங்கட்கிழமைகளில் இரண்டு பேரும் வெளிக்கிட்டு எங்கேயோ போய்விடுவார்கள். மொண்டெல்லோவுக்குக் கடல் பார்க்கப் போகிறார்கள் ஆக்கும், என்னையும் ஒரு தடவை கூப்பிட்டால் என்ன என்று எனக்குள் ஒரு எரிச்சல்கூட இருந்தது.

புரட்டாதியில் பிள்ளை பிறந்தாள். தலை நிறைய முடி, மூக்கு அப்படியே எங்கள் அம்மாவின் மூக்கு. மார்கழித் தொடக்கத்தில் முதல் தடுப்பூசிக்கு வரச்சொன்னார்கள். அன்றைக்கு ரெஸ்ரோரண்டில் ஒரு பெரிய கலியாணச் சாப்பாடு, தம்பிக்கு லீவு இல்லை. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். தான் வேறு ஒரு நாள் கேட்டு எடுக்கிறேன் என்று அவன் இழுத்தான். வேறு நாள் கேட்டால் அடுத்த மாதம்தான் தருவார்கள், நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று ஒரு சத்தம் போட்டேன். அவன் அடங்கிவிட்டான். எனக்கு முன்னால் அவன் எப்போதும் அடங்கிவிடுவான். அவனைத் தூக்கி வளர்த்ததில் பாதி நான்தான்.

தடுப்பூசி நிலையத்தில் இருந்தது ஒரு இளம் டொக்டர், பெண், நல்ல சிரித்த முகம். கேள்விகளை வரிசையாய்க் கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா, இல்லை. ஒவ்வாமை இருக்கிறதா, இல்லை. மாதம் நிறைந்து பிறந்ததா, ஓம். பிறகு தாயைப் பற்றிக் கேட்டார். தாய்க்கு நீண்டகால வருத்தம் ஏதாவது இருக்கிறதா, பிள்ளை வயிற்றில் இருந்தபோது மருந்து ஏதாவது எடுத்தாரா. நான் சிரித்தேன். ஒன்றுமே இல்லை டொக்டர், ஆள் கல்லு மாதிரி, அவளுக்கு உள்ள ஒரே வருத்தம் நித்திரைதான் என்றேன். டொக்டரும் சிரித்தார். என் பகிடிக்கு ஒரு டொக்டர் சிரித்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தம்பியின் மனைவி அப்போது என் முகத்தைப் பார்த்தாள். மருந்து என்பதற்கான இத்தாலியன் சொல் அவளுக்கு விளங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாய் இருந்தாள். இதையெல்லாம் நான் கண்டேன். காணவில்லை என்று சொன்னால் பொய். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, எறும்பு கடித்த மாதிரித்தான் இருக்கும், பயப்படாதே என்று முதுகில் தட்டினேன்.

முதலில் வாயில் விடுகிற மருந்து. வயிற்றோட்டத்தை உண்டாக்குகிற ஒரு கிருமிக்கு எதிரானது, இனிப்பாய் இருக்கும். சின்னவள் சப்புக்கொட்டிக் குடித்தாள். அதற்குப் பிறகு துடையில் ஊசி, ஒரு அலறல், நான்தான் வாங்கித் தோளில் போட்டு ஆற்றினேன். வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போனபோது, நான் இல்லாவிட்டால் இதுகள் இந்த ஊரில் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பின்னேரம் தம்பி போன் எடுத்தான். பின்னால் குசினியில் சட்டிகள் அடிபடுகிற சத்தம்.

"அக்கா, பிள்ளைக்கு வாய்க்குள்ளை ஏதும் விட்டவையோ?"

ஓம், வடிவாய்க் குடித்தாள், ஒரு சொட்டும் வெளியே விடவில்லை என்று பெருமையாய்ச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"அவளுக்கு மூட்டு வாதம் அக்கா. ஊசி போடுறவள். பிள்ளை வயித்திலை இருக்கேக்கையும் போட்டவள். அந்த மருந்தை மட்டும் பிள்ளைக்குக் குடுக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்."

நான் அப்போது வேலை வீட்டில், சிஞ்ஞோராவின் குளியலறையில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டேன். அவன் அவசர அவசரமாய்ச் சொன்னதில் எனக்கு விளங்கியது இதுதான். அவளுடைய உடம்பு தன் மூட்டுகளையே பகை என்று நினைத்து அடிக்கிறது. வெறும் வாயுப் பிடிப்பு இல்லை, உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற வருத்தம். அந்தக் காவலை அடக்கி வைக்கத்தான் ஊசி. கடைசி மாதங்களில் போட்ட ஊசி தொப்புள்கொடி வழியாய்ப் பிள்ளைக்கும் போய், பிறந்து பல மாதம் பிள்ளையின் உடம்பிலும் நிற்கும். வாயில் விடுகிற அந்த மருந்தில் இருப்பது வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. காவல் குறைந்த உடம்புக்குள் அதை விடக்கூடாது. திங்கட்கிழமைகளில் அவர்கள் போனது கடலுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு.

எனக்கு ஏன் மறைத்தாய் என்று அவனைத் திட்டினேன். என் குணம் அப்படி, பயம் வந்தால் முதலில் கோபமாய்த்தான் வெளியே வரும். அவன் பதிலுக்குக் கத்தவில்லை. அவள்தான் அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள் என்றான்.

சிஞ்ஞோராவிடம் கேட்டுக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்த முகம், ஆனால் அப்போது அழவில்லை. டொக்டர் கேட்டபோது பக்கத்தில்தானே இருந்தாய், என் கையில் ஒரு கிள்ளுக் கிள்ளியிருக்கலாமே என்று கேட்டேன். அதட்டாமல் கேட்பதாய்த்தான் நினைத்தேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் வந்த கிழமை, கோயில் மண்டபத்திலை வெங்காயம் உரிக்கேக்கை, நீங்கள் ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைச்சனீங்கள் அக்கா."

எந்தப் பிள்ளை, என்ன கதை, எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. நான் கதைத்த கதைகளுக்குக் கணக்கு உண்டா. அவள் பொறுத்திருந்தாள். பிறகு வந்தது. திருநாள் சமையல், பெரிய சட்டி, ஏழெட்டுப் பெண்கள். வேறு ஒரு வீட்டில் புதிதாய் வந்த மருமகளுக்கு வலிப்பு என்று செய்தி அடிபட்ட நேரம். வருத்தக்காரியை மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள், என்னுடைய தம்பிக்கு இப்படிச் செய்திருந்தால் அடுத்த பிளேனிலேயே ஏற்றி அனுப்பியிருப்பேன் என்று நான் சொன்னேன். கத்தியை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தவள் இவள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அது சும்மா சொன்னது, பகிடிக்குச் சொன்னது என்று தொடங்கினேன். அவள் தலையை ஆட்டினாள், நம்புகிறாள் என்றும் எடுக்கலாம், பரவாயில்லை விடுங்கள் என்றும் எடுக்கலாம். நான் குசினிக்குப் போய், கழுவியிருந்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன்.

அடுத்த நாள் அவளுடைய மூட்டு டொக்டர் இடையில் ஒரு நேரம் ஒதுக்கித் தந்தார். மூன்று பேரும் போனோம். வயதானவர், மெல்லப் பேசுகிறவர். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அநேகமாய் ஒன்றும் நடக்காது, இதே மாதிரி மருந்து குடித்த பிள்ளைகள் சுகமாய்த்தான் இருந்திருக்கிறார்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது என்றார். காய்ச்சல் வந்தால், தண்ணியாய்ப் போனால், இரத்தம் கண்டால், பால் குடிக்க மறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. வாயில் விடுகிற மருந்து இனி வேண்டாம். துடையில் போடுகிற ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை, அவற்றை ஒன்றுகூட விடக்கூடாது, பயத்தில் எல்லாத் தடுப்பூசியையும் நிறுத்துகிற தாய்மாரும் இருக்கிறார்கள், அது இதைவிடப் பெரிய பிழை என்றார்.

பிறகு என் கையைச் சுட்டிக்காட்டினார். வேலைச் சட்டையோடு போயிருந்தேன், அரைக்கை. இடது மேற்கையில் எங்கள் எல்லாருக்கும் இருக்கிற அந்தத் தழும்பு, பிறந்த உடனே ஊரில் காசநோய்க்குப் போடுகிற ஊசி. பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன் ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே இதைப் போட விடாதீர்கள், அதுவும் உயிருள்ளது, இதைவிட ஆபத்தானது, பிறகு போடலாமா என்பதை என்னிடம் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றார். வாற கோடைக்குப் பிள்ளையை மன்னாருக்குக் கொண்டுபோகும்போது மருத்துவமாதுவிடம் காட்டி அந்த ஊசியையும் போட்டுக்கொண்டு வாருங்கள், இங்கே போடமாட்டார்கள் என்று தம்பிக்குப் புத்தி சொன்னதே நான்தான்.

தன் ஊசியை நிறுத்திவிடட்டுமா என்று டொக்டரிடம் கேட்கும்படி அவள் தம்பியிடம் சொன்னாள். கூடாது என்று டொக்டர் அழுத்திச் சொன்னார். நீ விழுந்தால் பிள்ளையைத் தூக்குவது யார். உயிருள்ள தடுப்பூசிகள்தான் உனக்கு ஆகாது, மற்றவை ஆகும், வருடா வருடம் சளிக்காய்ச்சல் ஊசி போடு, நியுமோனியாவுக்கு உள்ளதையும் போடு, எதை எப்போது என்பதை வருத்தம் அடங்கியிருக்கிற நேரம் பார்த்து நான் சொல்வேன். வீட்டில் மற்றவர்கள் போட்டார்களா என்று எங்கள் பக்கம் திரும்பினார். தம்பி போட்டிருந்தான். நான் போடவில்லை. அந்த ஊசி போட்டால்தான் காய்ச்சலே வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆள் நான். வயதுபோன சிஞ்ஞோரா, காவல் குறைந்த தாய், பால்குடி, மூன்று பேருக்கும் நடுவில் தினமும் போய்வருவதும் நான்தான். அன்றைக்கே போட்டேன்.

கடைசியாய் ஒன்று சொன்னார். குடித்த கிருமி சில கிழமைகளுக்குப் பிள்ளையின் மலத்தோடு வெளியே வரும், ஊசி போடுகிற தாய் அந்த நாட்களில் நப்பி மாற்றாமல் இருப்பது நல்லது, வேறு யாராவது மாற்றட்டும், மாற்றுகிறவர் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாய்க் கழுவட்டும். நான் மாற்றுகிறேன் என்றேன். கேட்குமுன்னே சொன்னேன்.

அதற்குப் பிறகு காலையில் வேலைக்கு முன் நான், மத்தியானம் சிஞ்ஞோரா சாப்பிட்டுப் படுத்ததும் ஓடிவந்து நான், மிச்ச நேரம் தம்பி. குளிர்காலம் என்பதால் அவனுக்கு ரெஸ்ரோரண்டில் வேலை குறைவு, அது ஒரு புண்ணியம். ஒவ்வொரு நப்பியையும் யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். நிறம் என்ன, தண்ணியா, சளியா, இரத்தமா. சொந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கரிசனை காட்டினேனா என்று தெரியாது.

அவள் கதவடியில் நிற்பாள். பெற்றவள் தள்ளி நிற்க, கண்டவள் கழுவிக் கொடுக்கிறாள். சிலவேளை சுத்தத் துணியை எடுத்து நீட்டுவாள், நீட்டிவிட்டு உடனே பின்னுக்குப் போய்விடுவாள். காலை நேரத்தில் அவளுடைய கைகளை இப்போதுதான் நான் பார்த்தேன். விரல்கள் வீங்கி, முட்டிகள் சிவந்து, தேத்தண்ணிக் கோப்பையின் காதைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்கினாள். மடியில் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்ததற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தவள் நான். கையைக் கொண்டா, எண்ணெய் தடவி விடுகிறேன் என்று ஒருநாள் கேட்டேன். வேண்டாம் அக்கா, கொஞ்ச நேரத்தில் தானாய் இளகும் என்றாள்.

ஒருநாள் நப்பி மாற்றும்போது சின்னவள் காலை உதைத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். புன்னகை இல்லை, சத்தம் வந்த முதல் சிரிப்பு. என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள். கதவடியில் நின்றவளுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அம்மாவுக்குச் சிரித்துக் காட்டு, அம்மாவுக்குச் சிரித்துக் காட்டு என்று. அது கொட்டாவி விட்டது. திருடிக்கொண்டு பிடிபட்டவளைப் போல நின்றேன்.

நத்தார் முடிந்த கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நப்பியைத் திறந்தபோது பச்சையாய்த் தண்ணி. நாற்றமே வேறு. மத்தியானத்துக்குள் திரும்பத் திரும்பப் போனது, பால் கொடுத்தால் வாயைத் திருப்பிக்கொண்டாள், கண் உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். புறங்கையில் சேலைன் ஊசி ஏற்றி, அது அசையாமல் இருக்க ஒரு சின்னப் பலகையோடு கட்டியிருந்தார்கள். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் வாய்க்குரிய தண்டனையை என் வாய்க்குக் கொடு ஆண்டவரே, இந்தப் பிஞ்சிடம் எடுக்காதே என்று மன்றாடினேன். செபமாலையில் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று பலமுறை மறந்துபோனேன்.

இது அந்த மருந்தாலா என்று அங்கிருந்த டொக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கிற குளிர்கால வயிற்றோட்டமாயும் இருக்கலாம், நிச்சயமாய்ச் சொல்ல முடியாது என்றார். கேள்வியை மாற்றிப் போட்டுக் கேட்டேன். அதே பதில். இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று நான் வழக்கறிஞர் மாதிரி நின்றேன். அவர் பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இன்றைக்கும் எனக்கு அது என்ன என்று தெரியாது. தெரியாமலே வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை. அவள் ஒன்றில், நான் ஒன்றில்.

"என்ரை ஊசியாலைதான் அக்கா. நான் பிள்ளை பெறவே யோசிச்சிருக்க வேணும்."

இல்லை, என் வாயால்தான் என்றேன். நடைபாதையில் நின்ற தம்பி உள்ளே வந்து, தான் அன்றைக்கு லீவு எடுத்திருக்க வேண்டும் என்றான். மூன்று பேரும் பழியை ஆளுக்காள் இழுத்தோம், ஒருவருடையதை மற்றவர் எடுக்க விடவில்லை. நடுவில் சின்னவள் பலகை கட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உறங்கினாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் சின்னவள் பால் கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத் தாதி சிரித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பிறகு மெல்ல மெல்ல நிறை ஏறியது, கன்னம் வந்தது. ஒரு திங்கட்கிழமை மூட்டு டொக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டிய காலம் தாண்டிவிட்டது, இனித் தாயே நப்பி மாற்றலாம் என்றார். அவள் அன்றைக்குத் தேவையில்லாமலும் மாற்றினாள்.

கோயிலில் பெண்கள் துருவித் துருவி விடுப்புக் கேட்டார்கள். ஏன் நாளும் பொழுதும் தம்பி வீட்டுக்கு ஓட்டம், பிள்ளைக்கு என்ன, மச்சாளுக்குச் சுகமில்லையா. பிள்ளைக்கு வயிற்றுக் குத்து, வேறொன்றும் இல்லை என்று சமாளித்தேன். என்னால் உன் வருத்தம் ஒரு குருவிக்கும் தெரியவராது என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் தலை நிமிராமல் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாயைக் கட்டி வைத்திருக்கிறேன், இதைவிட நான் வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குள் ஒரு திருப்தி வந்திருந்தது.

எங்கள் கோயில் பங்கில் இன்னொரு மனுஷி இருக்கிறார், அவருக்கும் உடம்பே உடம்பை அடிக்கிற இதே வகையான வருத்தம், தோலிலும் சிறுநீரகத்திலும். சளிக்காய்ச்சல் ஊசி போடலாமா என்று போன வருடம் என்னிடம் கேட்டபோது, உள்ள வருத்தம் காணாதா, அதைக் கிளப்பாதேங்கோ என்று நான் சொல்லியிருந்தேன். அவருக்குப் போன் எடுத்து, என் சொல்லைத் தூக்கிப் போடுங்கள், உங்கள் டொக்டரிடம் கேளுங்கள் என்றேன். நீங்கள் சொன்னபடியால்தானே நான் போகவில்லை என்றார். கோபமாய் இல்லை, சாதாரணமாய்ச் சொன்னார். போனை வைத்த பிறகு, இன்னும் யார் யாருக்கு என்னென்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

மாசியில் அடுத்த ஊசிக்கு வரச்சொன்னார்கள். தம்பிக்கு லீவு, அவனே போகலாம். நான் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று இருந்தேன். அவளாகவே போன் எடுத்து, நீங்களும் வாங்கோ அக்கா என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். நல்ல சட்டை ஒன்று எடுத்து உடுத்திக்கொண்டு போனேன்.

தம்பி வாகனம் நிறுத்த இடம் தேடிப் போனான். டொக்டரின் அறைக்கு வெளியே நடைபாதையில் எங்கள் கோயில் பெண்கள் இரண்டு பேர் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். மண்டபத்தில் என்னோடு நின்று சமைக்கிறவர்கள். சின்னவளை வாங்கிக் கொஞ்சினார்கள், மூக்கு யாருடையது என்று கேட்டார்கள். பெயரைக் கூப்பிட்டதும் நானும் அவளும் பிள்ளையும் உள்ளே போனோம். அதே இளம் டொக்டர். கதவு திறந்தபடி இருந்தது.

அதே கேள்விகள். தாய்க்கு நீண்டகால வருத்தம் ஏதாவது, மருந்து ஏதாவது என்று கேட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் டொக்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து நிலத்தைப் பார்த்தேன். வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அவள் பேசினாள். இத்தாலியனில். ஒவ்வொரு சொல்லாய், நடுநடுவே மூச்சு வாங்கி, பதற்றத்தில் குரல் உயர்ந்து. எனக்கு மூட்டு வாதம். ஊசி போடுகிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் போட்டேன். போன முறை நான் சொல்லவில்லை, சொல்லப் பயந்தேன். வாயில் விடுகிற மருந்து என் பிள்ளைக்கு வேண்டாம். எத்தனை நாள் பாடமாக்கினாளோ தெரியாது. இடையில் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்திருக்க வேண்டியது வேறு. ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும், குறைந்தது தலை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். வந்தது அது இல்லை. வெளியில் இருக்கிற இரண்டு பேருக்கும் இது கேட்கும் என்பதுதான் வந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், நான் யோசிக்குமுன்னே கால் எழும்பிவிட்டது. போய், சத்தம் வராமல், கதவைச் சாத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். கதவுப் பிடியில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரே சத்தமாய் இருக்கிறது என்று டொக்டரிடம் சொன்னேன். வெளியே ஒரு சத்தமும் இருக்கவில்லை. அவள் பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, டொக்டரின் பக்கம் திரும்பி, ஊசியின் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லத் தொடங்கினாள்.